பாட்டைக் கண்டு நடுங்கிய சர்க்கார்கள்

துப்பாக்கி வைத்திருக்கும் சர்க்கார், ஹார்மோனியம் வைத்திருக்கும் மனிதனைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?

பயந்திருக்கிறது. சட்டம் போட்டிருக்கிறது. பாடியவனை மேடையிலேயே கைது செய்திருக்கிறது. இது சரித்திரம். கூத்தும் நாடகமும் வேலை முடிந்தபின் பொழுது போக்கும் சமாசாரம்தானே என்று நினைக்கும் தோழர்கள் இந்தச் சரித்திரத்தை அறிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் பாடியவர்களும் நம்மவர்கள். கேட்டவர்களும் நம்மவர்கள்.

கணக்கர் கட்டிய நாடகங்கள்

தூத்துக்குடிச் சீமையில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். உப்புப் பண்டகசாலையில் கணக்கெழுதிக் கொண்டிருந்தவர். அந்த வேலையை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களைப் பாட்டும் வசனமுமாக எழுதினார். 1918இல் மதுரையில் சிறுவர்களைச் சேர்த்து நாடக சபை அமைத்துப் பயிற்சி கொடுத்தார். 1922இல் புதுச்சேரியில் மறைந்தார்.

அவருடைய நாடகங்கள் பரவிய விதம்தான் ஆச்சரியம். ஸ்பெஷல் நாடகம் என்று சொல்வார்களே, அதில் முருகன் ஓர் ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறோர் ஊரிலிருந்து வருவார், நாரதர் மூன்றாவது ஊர். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம். நேரே மேடையில் சந்தித்து விடிய விடியப் பாடுவார்கள். ஜனங்கள் புழுதியில் உட்கார்ந்து கேட்பார்கள். படிக்கத் தெரியாத உழவனுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் இதுதான் புத்தகம். இதுதான் பத்திரிகை.

வெள்ளைக் கொக்கு

அந்தப் புராண நாடகத்துக்குள் தேச விடுதலையைக் கொண்டுவந்து வைத்தவர் தியாகி விசுவநாத தாஸ். 1886இல் சிவகாசியில், முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர். மேல்சாதிச் செருக்கினால் இவரோடு சேர்ந்து நடிக்க மறுத்தவர்களும் உண்டு. ஆனால் இவர் குரலைக் கேட்க வந்த கூட்டத்தை எந்தச் சாதிச் செருக்காலும் தடுக்க முடியவில்லை.

வள்ளி திருமணத்தில் தினைப்புனக் காட்சி வரும். பறவை ஓட்டும் இடம். அங்கே மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய வெள்ளைக் கொக்குப் பாட்டைத் தாஸ் எடுப்பார். எந்த வெள்ளைக் கொக்கு, எந்த வயலைத் தின்கிறது என்பதைக் கூட்டத்துக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1919இல் நடந்த பஞ்சாப் படுகொலை, பத்திரிகை எட்டாத பட்டிக்காடுகளுக்கெல்லாம் இப்படிப்பட்ட பாட்டுகளின் மூலமே போய்ச் சேர்ந்தது.

வெள்ளை ஏகாதிபத்தியம் சும்மா இருக்குமா? மேடையைச் சுற்றிப் போலீஸ் நின்றது. தாஸ் திரும்பத் திரும்பச் சிறை சென்றார். வருமானம் போயிற்று. கடன் ஏறியது. 1940 டிசம்பர் 31ஆம் தேதி சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் மயில்மீது அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. அரிதாரம் கலைக்காமலே செத்தார்.

அவரோடு மேடையேறிய ஒரு பெண் அந்தப் பாட்டை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோனார். நாடகக் கம்பெனியில் பாடி நடித்துப் பேர் பெற்ற மதுரை கே. பி. ஜானகி அம்மாள்தான் அவர். மேடையில் கிடைத்த பேரையும் பணத்தையும் இயக்கத்துக்குக் கொடுத்தார். கம்யூனிஸ்டு ஆனார். சிறை கண்டார். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் வென்று சட்டசபைக்குப் போனார். நாடக மேடை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்பவர்களுக்கு அந்த அம்மாளின் வாழ்க்கையே பதில்.

இத்தாலி தேசத்துக் கதை

இது நம் நாட்டு விஷயம் மட்டுமல்ல. இத்தாலியில் இசை நாடகத்துக்கு ஆபரா என்று பேர். நம் நாடகம் போலவே கதையெல்லாம் பாட்டு. அங்கே சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் புகழ் பெற்றவர் ஜூசெப்பே வெர்டி. 1813இல் ஒரு சிற்றூரில், சாவடிக்கடை நடத்தியவரின் மகனாகப் பிறந்தார். அவர் வளர்ந்த காலத்தில் இத்தாலி துண்டு துண்டாகக் கிடந்தது. வடபகுதியில் ஒரு பெரும் பாகம் ஆஸ்திரியப் பேரரசின் பிடியில் இருந்தது.

1842இல் மிலான் நகரில் வெர்டியின் ‘நபுக்கோ’ அரங்கேறியது. பாபிலோனில் அடிமைப்பட்ட யூத மக்கள் தாயகத்தை நினைத்துக் கூட்டமாகப் பாடும் பாட்டு அதில் உண்டு. அந்நியனுக்கு அடங்கிக் கிடந்த இத்தாலிய மக்கள் பிற்பாடு அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். அரங்கேறிய அன்றே அந்தப் பாட்டு நாட்டைக் கிளப்பிவிட்டது என்பது பின்னால் வந்தவர்கள் ஏற்றிச் சொன்னது என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் தணிக்கைக்காரன் கட்டுக்கதையல்ல. 1851இல் வந்த ‘ரிகொலெத்தோ’வில் பெண்களைக் கெடுக்கும் ராஜாவைக் காட்டக் கூடாது என்றான். ராஜா பிரபுவானார். இன்னொரு நாடகத்தில் ஸ்வீடன் மன்னன் கொலையாவதைக் காட்டக் கூடாது என்றான். 1859இல் அது மேடையேறியபோது கதை அமெரிக்காவிலுள்ள பாஸ்டனுக்குப் போய்விட்டது. செத்தவன் மன்னனல்ல, கவர்னர்!

வெர்டி தொழிலாளி வர்க்கத் தலைவர் அல்ல. சம்பாதித்த பணத்தில் பண்ணை வாங்கி நிலச்சுவான்தார் ஆனவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு காரியம் செய்தார். வயதாகி வறுமையில் வாடும் பாட்டுக்காரர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் மிலானில் ஒரு இல்லம் கட்டினார். தமது நாடகங்களின் உரிமைத்தொகை அதற்கே சேரும்படி எழுதி வைத்தார். 1901இல் அவர் மறைந்தார். 1902இல் இல்லம் திறந்தது. இன்றும் நடக்கிறது.

அங்கே பாட்டு, பாட்டுக்காரர்களுக்குக் கூரை போட்டது. இங்கே தாஸ் கடனோடு செத்தார்.

சட்டத்தின் ஆயுள்

அவுரித் தோட்டத் துரைமார்களின் கொடுமையைச் சொன்ன ‘நீல தர்ப்பணம்’ என்ற வங்க நாடகம் 1860இல் வெளிவந்தது. அதைப் போன்ற நாடகங்கள் பெருகுவதைக் கண்டு மிரண்ட வெள்ளைக்காரன் 1876இல் நாடகச் சட்டம் கொண்டுவந்தான். அவன் 1947இல் போனான். அவன் சட்டம் போயிற்றா? இல்லை. 1954இல் சென்னை ராஜ்யத்தில் காங்கிரஸ் சர்க்கார் தன் பங்குக்கு இன்னொரு நாடகச் சட்டம் போட்டது! அது அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2013இல்தான் சொன்னது. வழக்குப் போட்டவர் எழுத்தாளர் ஞாநி. வெள்ளைக்காரனின் 1876ஆம் வருஷச் சட்டத்தை நாடாளுமன்றம் நீக்கியது 2017இல். கொடி மாறி எழுபது வருஷம் கழித்து!

ஆளும் வர்க்கம் எதை எளிதில் விடுவதில்லையோ அதுவே அதற்குப் பயமானது என்று அறிக.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் சீமைக்கு வருவோம். பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் பக்கமெல்லாம் கூத்து இன்னும் சாகவில்லை. பகலில் கரும்பு வெட்டுகிறவர், குச்சிக்கிழங்குக் காட்டில் கூலி வேலை செய்கிறவர், இரவில் கிரீடம் கட்டி அர்ச்சுனனாகவும் துரியோதனனாகவும் நிற்கிறார். கட்டியங்காரன் வாயைத் திறந்தால் வட்டிக்கடைக்காரனும் தப்புவதில்லை, ஊர்ப் பெரியதனக்காரனும் தப்புவதில்லை. விடிந்ததும் அதே மனிதர் அரிதாரத்தைக் கழுவிவிட்டு மறுபடியும் கூலிக்குப் போகிறார்.

சட்டம் செத்தது. ஆனால் சங்கடம் சாகவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் வருஷ விதி. நோயாளிக்கும் படிக்கிற பிள்ளைக்கும் அமைதி வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூத்து பிறந்ததே விடிய விடிய நடப்பதற்காக. காது கிழிய அலறும் ஒலிப்பெட்டியும் கூத்து மேடையின் ஒற்றை மைக்கும் ஒன்றா? கூத்துக்கென்று நியாயமான தனி ஏற்பாடு வேண்டும். அனுமதிக்காகக் கலைஞன் ஆபீஸ் ஆபீஸாக அலையும் நிலை ஒழிய வேண்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. அதில் நம் பக்கத்துக் கூத்து வாத்தியார்களும், மிருதங்கக்காரர்களும், முகவீணைக்காரர்களும் ஒருவர் விடாமல் பதிவு செய்யப்பட வேண்டும். வயதான கலைஞனுக்குக் கொடுக்கும் உதவித்தொகை தருமம் அல்ல. அவன் உழைத்த உழைப்பின் பாக்கி.

இதையெல்லாம் சர்க்காரிடம் கேட்போம். அதோடு சங்கங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். மே தினக் கூட்டத்துக்குச் சினிமாப் பாட்டு இசைத்தட்டு எதற்கு? ஊரில் கூத்து ஜமா இருக்கும்போது அவர்களைக் கூப்பிடுங்கள். பேசிய கூலியைக் குறையாமல் கொடுங்கள். கரும்பு விலைப் பாக்கியையும் கூலிக் குறைப்பையும் கட்டியங்காரன் வாயில் வையுங்கள். இரண்டு மணி நேரப் பிரசங்கம் செய்யாததை அவன் பத்து நிமிஷத்தில் செய்துவிடுவான். வயதான வாத்தியார்களின் நெஞ்சில் இருக்கும் பாடங்களை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். ஒரு வாத்தியார் இறந்தால் ஒரு நாடகமே சுடுகாட்டுக்குப் போகிறது.

வெள்ளைக்காரன் பாட்டைத் தடுத்துப் பார்த்தான். முடியவில்லை. இன்றைய முதலாளித்துவம் வேறு வழி வைத்திருக்கிறது. பாடுகிறவனைப் பட்டினி போட்டால் பாட்டு தானே நின்றுவிடும் என்பது அதன் கணக்கு.

அந்தக் கணக்கைப் பொய்யாக்குவது நம் வேலை.