திட்டம் அலுமாரியில், பிள்ளை பின்வாங்கில்

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வரும் நாளில் நம் தோட்டங்களில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளைக்கு மாலை போடுகிறோம். பாடசாலை வாசலில் பெனர் கட்டுகிறோம். தோட்டத் தலைவர் பேசுகிறார், மாதர் தலைவி பேசுகிறார், படம் எடுக்கிறோம். அந்தப் பிள்ளைக்கும் அதைப் படிப்பித்த ஆசிரியருக்கும் அந்த மாலை தகும். அதில் நாம் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதே வகுப்பில், கேள்வித்தாளைக் கையில் வாங்கி, முதல் கேள்வியையே வாசிக்க முடியாமல் இருந்துவிட்டு வந்த பிள்ளைகளும் உண்டு. அவர்களைப் பற்றி அன்றைக்கு யாரும் பேசுவதில்லை. மறுநாளும் பேசுவதில்லை. அவர்கள் தரம் 6க்குப் போகிறார்கள். எட்டாம், ஒன்பதாம் தரம் வரை பின்வாங்கில் இருக்கிறார்கள். பிறகு ஒருநாள் பாடசாலைக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். கொழும்பில் ஏதாவது ஒரு கடையில் சாமான் தூக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அவர்களை மறுபடி காண்கிறோம்.

இந்தப் பிள்ளைகளைக் கைதூக்கி விடுவதற்கு ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு திட்டம் இருக்க வேண்டும். எழுத்தில் இருக்கவும் செய்கிறது. பல வருடங்களுக்கான அபிவிருத்தித் திட்டம், அதிலிருந்து எடுத்த வருடாந்தத் திட்டம் என்று எழுதி வைக்கிறார்கள். 2006ஆம் ஆண்டு முதல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, இந்தத் திட்டத்தைப் பாடசாலையே தீட்ட வேண்டும், அதில் பெற்றோரும் பழைய மாணவரும் சேர வேண்டும் என்பதே அதன் அடிப்படையாக இருந்தது. ஆனால் பல இடங்களில் அந்தக் கோப்பு அதிபரின் அலுமாரியில் இருக்கிறது. மேலிடத்து அதிகாரிகள் வரும் நாளில் மேசைக்கு வருகிறது. அவர்கள் போனதும் திரும்ப அலுமாரிக்குப் போகிறது.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் கேட்டதுண்டா? நாம் கேட்பதெல்லாம் கூரைத் தகரம், மலசலகூடம், விளையாட்டு மைதானம், மேசை கதிரை. இவையும் வேண்டியவைதான். ஆனால் புதுக் கதிரையில் உட்கார்ந்தாலும் வாசிக்கத் தெரியாத பிள்ளை வாசிக்கத் தெரியாத பிள்ளைதான்.

நல்ல திட்டம் எங்கிருந்து தொடங்க வேண்டும்? எந்தப் பிள்ளை இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். ஆரம்பப் பிரிவில் தரம் 1, 2 ஒரு கட்டம், தரம் 3, 4 இன்னொரு கட்டம், தரம் 5 கடைசிக் கட்டம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பிள்ளைக்கு இன்னின்னது கட்டாயம் வந்திருக்க வேண்டும் என்று அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகளை வகுத்திருக்கிறார்கள். அவற்றை வைத்து வகுப்பாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு ஒரு பந்தியை வாசிக்கச் சொல்லலாம், ஒரு கூட்டல், ஒரு கழித்தல் செய்யச் சொல்லலாம். பிள்ளைக்கு மூன்று நிமிடம் என்றால் 24 பிள்ளைகள் உள்ள வகுப்புக்கு ஒன்றேகால் மணித்தியாலம் போதும். பிறகு மூன்று பட்டியல்: சரளமாக வாசிக்கும் பிள்ளைகள், எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளைகள், எழுத்தே பிடிபடாத பிள்ளைகள்.

இந்தப் பட்டியல் இல்லாமல் ‘அடைவு மட்டத்தை உயர்த்துவோம்’ என்று எழுதுவதில் ஒரு மோசமான பொறி இருக்கிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். அந்த 24 பேர் வகுப்பில் 6 பேர் 85 புள்ளி, 10 பேர் 60 புள்ளி, 8 பேர் 25 புள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் சராசரி ஏறக்குறைய 55. பார்வைக்குப் பரவாயில்லை. அடுத்த வருடம் சராசரியை உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்தால், கெட்டிக்கார 6 பேருக்கு மட்டும் மேலதிக வகுப்பு வைத்து ஆளுக்குப் 10 புள்ளி கூட்டினாலே சராசரி 57 ஆகிவிடும். இலக்கு நிறைவேறியது என்று அறிக்கை எழுதலாம். அந்த 8 பிள்ளைகள் மட்டும் இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

ஆகவே திட்டத்தின் முதல் வரி ‘சராசரி’ என்றோ ‘புலமைப்பரிசில் சித்தி’ என்றோ இருக்கக்கூடாது. ‘இந்த 8 பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தத் தவணை முடிவதற்குள் எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள்?’ என்று இருக்க வேண்டும். அதற்கு யார், எந்த நாளில், எந்த நேரத்தில் பரிகார வகுப்பு எடுப்பது, எந்தத் திகதியில் மறுபடி வாசிக்க வைத்துப் பார்ப்பது என்று பெயரும் நாளும் போட்டு எழுத வேண்டும். இதைத் தரம் 5 ஆசிரியரின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. தரம் 5இல் தடுக்கி விழும் பிள்ளைக்குத் தரம் 1இலோ 2இலோதான் கால் இடறியிருக்கும். முதலாம் தர ஆசிரியரில் இருந்து ஐந்தாம் தர ஆசிரியர் வரை ஒன்றாக உட்கார்ந்து, ‘உங்களிடம் இருந்து என்னிடம் வரும்போது இந்தப் பிள்ளைக்கு எது வரவில்லை?’ என்று குறை சொல்லாமல் பேசிக்கொள்ளும் பாடசாலையில்தான் திட்டம் உயிரோடு இருக்கிறது.

நம் பிள்ளைகளின் பேச்சையும் அங்கே கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டில் ‘மலைக்குப் போறோம்’, ‘ஸ்டோருல வேலை’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகத்தில் ‘தேயிலைத் தோட்டம்’, ‘தொழிற்சாலை’ என்று வாசிக்கும்போது சற்றுத் திகைக்கும். அது பிள்ளையின் மந்தம் அல்ல. லயத்துச் சொல்லில் தொடங்கிப் புத்தகச் சொல்லுக்குக் கூட்டிப்போகிற ஆசிரியருக்கு இது தெரியும்.

‘ஆசிரியரே போதாத இடத்தில் திட்டம் என்ன செய்யும்?’ என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரண்டு மூன்று வகுப்பை ஒருவரே பார்க்கும் பாடசாலைகள் நம்மிடம் இருக்கின்றன. ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மாதக்கணக்கில் வெற்றிடம் நிற்கிறது. அதற்கான போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் ‘எங்கள் பாடசாலைக்கு ஆசிரியர் வேண்டும்’ என்று வெறுங்கையோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவதற்கும், ‘தரம் 3இல் இத்தனை பிள்ளைகள் எழுத்துத் தெரியாமல் இருக்கிறார்கள், இத்தனை மாதமாக வகுப்பாசிரியர் இல்லை’ என்று தாளோடு போவதற்கும் வித்தியாசம் உண்டு. சம்பளப் பேச்சுவார்த்தைக்குக் கணக்கு இல்லாமல் நாம் போவதில்லை. பாடசாலை விடயத்துக்கு மட்டும் ஏன் கணக்கு இல்லாமல் போக வேண்டும்?

இனி நம் பக்கம். பாடசாலையும் அரசாங்கமும் செய்யாததைச் சொல்லிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது நேர்மை இல்லை.

முதலாவது, வரவு. தங்கச்சியைப் பார்த்துக்கொள்ள அக்காவை நிறுத்துகிறோம். சம்பளத்துக்கு மறுநாள் டவுனுக்குக் கூட்டிப்போகிறோம். திருவிழாவுக்கு மூன்று நாள், மழைக்கு இரண்டு நாள். ‘ஒருநாள்தானே’ என்று சொல்கிறோம். கிழமைக்கு ஒருநாள் போகாத பிள்ளை ஐந்தில் ஒரு பங்கு பாடத்தை இழக்கிறது. தரம் 1இல் இருந்து 5 வரை இப்படியே போனால் ஐந்து வருடத்தில் ஒரு முழு வருடம் போய்விடும். தரம் 5இல் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை உண்மையில் நான்கு வருடம்தான் படித்திருக்கிறது. எந்த ஆசிரியரும் அந்த ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது. விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும் தாய்மாருக்கு இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளைக் காம்பரா நேரத்தோடு திறப்பதும் பாடசாலை விடயம்தான் என்கிறோம். காம்பரா திறந்திருந்தால் அக்கா வகுப்பில் இருப்பாள்.

இரண்டாவது, வாசிப்பு. ‘எங்களுக்கே எழுத்துத் தெரியாது, பிள்ளை படிக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?’ என்று கேட்கும் தாய்மார் உண்டு. அந்தியில் அடுப்படியில் நிற்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத தாயாலும் பிள்ளை தடுக்கி நிற்கும் இடத்தைக் காதால் கேட்க முடியும். கொப்பியில் சரி அடையாளம் எத்தனை, பிழை அடையாளம் எத்தனை என்று கண்ணால் எண்ண முடியும். மறுநாள் ஆசிரியரிடம் ‘இந்தப் பக்கத்தில் பிள்ளை நிக்குது சேர்’ என்று சொன்னால் போதும்.

மூன்றாவது, கூட்டம். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால் நம் பெண்கள் வர முடியாது. வந்தால் அன்றைய பேர் போகும். அந்திக் கொழுந்து நிறுத்த பிறகு வைத்தால் ஆசிரியர்கள் பஸ் ஏறிப் போயிருப்பார்கள். ஆகக் கூட்டத்துக்கு வருவது வேலைக்குப் போகாத நாலைந்து பேர். அவர்கள் கையெழுத்தோடு திட்டம் நிறைவேறிவிடுகிறது. இதற்கு ஒரு வழி உண்டு. தவணைக்கு ஒரு தடவை, தடவைக்கு இரண்டு மணித்தியாலம், பேர் குறையாமல் பெற்றோரைப் பாடசாலைக்கு அனுப்பும்படி தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வருடத்துக்கு மொத்தம் ஆறு மணித்தியாலம். இதை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் துரையிடம் வைக்கும் கோரிக்கைகளில் சேர்க்க வேண்டும் என்பது நம் நிலைப்பாடு.

நம் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசளிப்பு விழாவில் முன்வரிசைக் கதிரை கிடைத்தால் போகிறோம். திட்டம் பேசும் கூட்டத்துக்கு ‘வேலை இருக்கிறது’ என்கிறோம். இதை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே போனால் மேடைப் பேச்சு வேண்டாம். மூன்று கேள்வி போதும். வாசிக்க முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை பேர்? இந்தத் தவணையில் அவர்களுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்? போன தவணை சொன்னதில் எது நடந்தது? கேட்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண்ணிக்கையைக் கூட்டத்தில் கேட்கலாம், பெயரைக் கேட்கக்கூடாது. எந்தப் பிள்ளையின் பெயரும் சுவரில் ஒட்டப்படக்கூடாது. அதைப் பெற்றவரிடம் ஆசிரியர் தனியாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்ட பிள்ளை படிக்காது. வெட்கப்பட்ட தாய் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டாள்.

நம் முன்னோருக்குப் பாடசாலை தானாக வந்துவிடவில்லை. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு வசதி செய்யும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின் மீது வைத்தது. நடைமுறையில் கிடைத்தது பெரும்பாலும் ஒற்றை அறையும் ஒற்றை ஆசிரியரும்தான். 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் நாம் வெளியே நின்றோம். எழுபதுகளில்தான் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைக் கையேற்கத் தொடங்கியது. இன்று 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. கட்டடம் இருக்கிறது, சீருடை இருக்கிறது, நம் லயங்களில் பிறந்து ஆசிரியரானவர்களே வகுப்பில் நிற்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு, ஐந்து வருடம் பாடசாலைக்குப் போன பிள்ளை தன் சொந்தத் தாயின் சம்பளச் சீட்டை வாசிக்க முடியாமல் நின்றால், அதை விதி என்று நாம் விடக்கூடாது.

அடுத்த தவணைக் கூட்டத்துக்குப் போவோம். அலுமாரியைத் திறந்து அந்தக் கோப்பை மேசையில் வைக்கச் சொல்லுவோம். பின்வாங்கில் இருக்கும் பிள்ளை அதில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்போம்.