ஓடி ஜெயித்த பெண்ணுக்கு கோர்ட்டு எங்கே?

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் தாயார் பட்டாசு ஆபீசுக்குப் போகிறார். தகப்பனார் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். மகள் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடப் போகிறாள். நல்ல காரியம்! ஓடட்டும்.

ஆனால், அந்தப் பெற்றோர் ஒரு வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கு என்று சொல்கிறோமே தவிர, பதக்கம் பறிபோனபோது அதை விளையாட்டுக் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஆள் இல்லை. அதுதான் அநியாயம்.

பறிபோன பதக்கம்

புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்தவர் சாந்தி. பெற்றோர் செங்கல் சூளைக் கூலிகள். 2006-ம் ஆண்டு டிசம்பரில் தோகா நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. 800 மீட்டர் ஓட்டத்தில் சாந்தி இரண்டாவதாக வந்தார். வெள்ளிப் பதக்கம் கழுத்தில் ஏறியது.

பிறகு அவரை ஒரு சோதனைக்கு அழைத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அது என்ன சோதனை என்று தனக்கு யாரும் விளக்கவில்லை என்று சாந்தி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சில நாட்களில் செய்தி வெளியானது. "பெண்களுக்கான சோதனையில் தேறவில்லை" என்றார்கள். பதக்கத்தைப் பறித்தார்கள். வீட்டுக்குள் பேச வேண்டிய சங்கதியை உலகமே பேசியது!

ஊக்க மருந்து சாப்பிட்டாரா? இல்லை. பொய் சொன்னாரா? இல்லை. பெண்ணாகப் பிறந்தார், பெண்ணாக வளர்ந்தார். சிலருக்கு உடம்பின் அமைப்பு உள்ளே கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். வெளியே தெரியாது. அவர்களுக்கே தெரியாது. இது இயற்கை. குற்றம் அல்ல.

தமிழக அரசு சாந்திக்கு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது. அதை வைத்து அவர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். பணம் எத்தனை நாளைக்கு? 2012-ல் அவரும் செங்கல் சூளைக்குப் போனார். 2016-ல்தான் அரசுப் பயிற்சியாளராக நிரந்தர வேலை கிடைத்தது.

இன்னொரு பெண்

ஒடிசா மாநிலத்தில் துத்தி சந்த் என்று ஒரு பெண். நெசவாளி வீட்டு மகள். இவரும் ஓட்டக்காரி. 2014-ல் இவருக்கும் இதே கதி வந்தது. காமன்வெல்த் போட்டிக்குப் புறப்பட வேண்டிய நேரத்தில் பெயரை அடித்துவிட்டார்கள்.

ஆனால், இவர் பக்கம் ஆள் இருந்தது. இந்திய விளையாட்டு ஆணையம் துணை நின்றது. கனடா நாட்டு வக்கீல்கள் கூலி வாங்காமல் வாதாடினார்கள். சுவிட்சர்லாந்து நாட்டில் லோசான் என்ற ஊரில் விளையாட்டுக்கு என்றே ஒரு கோர்ட்டு இருக்கிறது. அங்கே வழக்குப் போட்டார்கள். 2015 ஜூலையில் தீர்ப்பு வந்தது. "இந்த விதிக்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை" என்று கோர்ட்டு விதியையே நிறுத்தி வைத்தது. துத்தி மறு ஆண்டு ஒலிம்பிக்கில் ஓடினார். 2018 ஆசியப் போட்டியில் 2 வெள்ளி வாங்கினார்.

லோசான் கோர்ட்டு 1984-ல் ஏற்பட்டது. சாந்தியின் பதக்கம் பறிபோனபோதும் அது இருந்தது. அழைத்துப் போகத்தான் ஆள் இல்லை!

"மற்றப் பெண்களுக்கும் நியாயம் வேண்டாமா?" என்று சிலர் கேட்பார்கள். வேண்டும். பெண்கள் பந்தயத்துக்கு ஒரு வரம்பு இருக்கத்தான் வேண்டும். அது எது என்று டாக்டர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். நாம் அதற்குள் போகவில்லை. நாம் கேட்பது வேறு. கொலை செய்தவனுக்குக்கூட வக்கீல் உண்டு. ஓடி ஜெயித்தவளுக்குக் கிடையாதா?

தென்னாப்பிரிக்க வீராங்கனை செமன்யாவும் இதைத்தான் கேட்டார். 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டு, அவருடைய வழக்கு சரிவர விசாரிக்கப்படவில்லை என்று தீர்ப்புக் கூறியது. அவர் ஓடும் வயதெல்லாம் வழக்கிலேயே போய்விட்டது.

புதிய சோதனை

இப்போது புது விதி வந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 1 முதல், உலக தடகளப் போட்டியில் ஓட வேண்டிய பெண்கள் ஒரு தடவை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி எடுப்பார்கள்; அல்லது ரத்தம் எடுப்பார்கள். இது உலகத் தரப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு வைத்த விதி. பள்ளிக்கூடப் பந்தயத்துக்கு அல்ல. யாரும் பயந்து மகளை வீட்டில் உட்கார வைக்க வேண்டாம்.

2025 ஆகஸ்டில் டெல்லியிலும் ஒரு சட்டம் வந்தது. விளையாட்டுத் தகராறுகளை விசாரிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்க அது வழி செய்கிறது. அதன் தீர்ப்பின் மேல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகலாம். நல்ல சட்டம்தான். ஆனால் ஓர் ஓட்டை! ஒலிம்பிக், ஆசியப் போட்டிகளில் எழும் தகராறுகளை இந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது. சாந்திக்கு நடந்தது எங்கே? ஆசியப் போட்டியில்!

ஆகவே, சிவகாசிப் பெண் ஒருத்தி நாளை அங்கே ஜெயித்து, அவளுக்கு இப்படி ஒரு சிக்கல் வந்தால், லோசான் வரை போக வேண்டியதுதான். பட்டாசு ஆபீஸ் சம்பளத்தில் லோசான் போக முடியுமா?

அந்தச் செலவை அரசாங்கம் ஏற்க வேண்டும். வெளிநாடு போகும் வீராங்கனையோடு தமிழ் தெரிந்த பெண் டாக்டர் ஒருவர் போக வேண்டும். சோதனைத் தாள் தமிழில் இருக்க வேண்டும். முடிவை அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்ல வேண்டும், பத்திரிகைக்காரர்களிடம் அல்ல. எங்களிடமும்தான்!

கடன் பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் முன் "படித்துக் காட்டுங்கள்" என்று நம் ஊர்த் தாய்மார்கள் கேட்கிறார்கள் அல்லவா? மகளின் ரத்தத்தைக் கேட்கும்போதும் அதையே கேளுங்கள். என்ன சோதனை? எதற்கு? முடிவு யார் கைக்குப் போகும்? தப்பு என்றால் எங்கே முறையிடுவது? பதில் வந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.