ஆறு பேர் என்றால் ஆறு பேர்தான்



சாரல் சீசன் நெருங்குகிறது. "டீச்சர், மாடி காலியா இருக்கா?" என்று இப்போதே போன் வர ஆரம்பித்துவிட்டது. போன சீசனில் இருந்து மனதை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்தை அதற்குள் எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு, இலஞ்சியில் எங்கள் வீட்டு மாடியைக் குற்றாலம் வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறோம். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு கழிப்பறை, சின்னதாக ஒரு அடுப்படி. ஆறு பேர் தாராளமாகத் தங்கலாம். இரண்டு பேரின் ஓய்வூதியத்தோடு இந்த மூன்று மாத வருமானமும் சேர்ந்தால்தான் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறதும் மருந்து மாத்திரையும் இழுபறி இல்லாமல் நடக்கும்.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை. என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவன், இப்போது சென்னையில் நல்ல வேலையில் இருக்கிறான், இரண்டு இரவுக்கு மாடியைக் கேட்டிருந்தான். "ஆறு பேர் டீச்சர்" என்றான். மதியம் ஆறு பேர் வந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அவன் பிள்ளைகள் இரண்டு பேரும் என் காலில் விழுந்து எழுந்தார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு வாசலில் இன்னொரு வேன் வந்து நின்றது. அவன் மச்சினன் குடும்பம், ஐந்து பேர். "நம்ம டீச்சர் வீடுதானே, பாய் போட்டுப் படுத்துக்குவோம்" என்று சிரித்துக்கொண்டே பெட்டிகளை மேலே ஏற்றினான்.

நானும் சிரித்தேன். என்ன சொல்வது? முப்பத்து மூன்று வருடம் திருக்குறளில் விருந்தோம்பல் அதிகாரம் நடத்தியவள். "கூடுதல் ஆளுக்குக் காசு" என்று எந்த வாயால் கேட்பது? வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "விடுங்க, நம்ம பிள்ளை" என்றேன்.

அன்று இரவு காற்றிலும் மழையிலும் எங்கேயோ மரக்கிளை விழுந்து கரண்ட் போனது. காலை எட்டு மணிக்கு மேல்நிலைத் தொட்டி காலி. மோட்டார் ஓடவில்லை. மாடியைச் சுத்தம் செய்ய ஓர் அக்கா வருவார். என்னைவிட நாலு வயது மூத்தவர். எங்கள் வீட்டை முடித்துவிட்டு இன்னும் இரண்டு வீட்டுக்குப் போவார். அன்று அவர் கிணற்றில் இறைத்து, குடம் குடமாக மாடிப்படி ஏறினார். இரண்டாவது தடவை இறங்கும்போது என்னிடம் நின்று கேட்டார்:

"என்ன டீச்சர், ஆறு பேருன்னு சொன்னிய. எண்ணிப் பாத்தா பதினோரு தலை இருக்கே?"

"நம்ம பையன்தான் அக்கா. கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றேன்.

அவரும் பொறுத்துக்கொண்டார். திங்கள் கிழமை மதியம் அவர்கள் கிளம்பிய பிறகு, பதினோரு பேர் புழங்கிய இடத்தை ஒற்றை ஆளாகக் கழுவி முடித்தார். நான் வழக்கமாகக் கொடுக்கும் 300 ரூபாயைக் கொடுத்தேன். ஒன்றும் பேசாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனார். மறுநாள் வரவில்லை. அவர் மகள் வந்து, "அம்மாவுக்கு இடுப்பு பிடிச்சிட்டு டீச்சர், எந்திரிக்க முடியல" என்றாள். நான்கு நாள் படுத்துவிட்டார். மற்ற இரண்டு வீட்டிலும் அந்த நான்கு நாள் சம்பளம் போயிற்று.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். பாதாளச் சாக்கடை உள்ள ஊர்களுக்கு அரசுக் கையேடு சொல்லும் தண்ணீர் அளவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர். ஆறு பேருக்கு 810 லிட்டர். எங்கள் தொட்டி 1000 லிட்டர், போதும். பதினோரு பேருக்கு 1485 லிட்டர். 485 லிட்டர் குறைகிறது. அந்தக் குறையைத்தான் அந்த அக்கா இடுப்பில் சுமந்து ஏறினார். நான் காட்டிய பெருந்தன்மைக்கு அவர் இடுப்பு விலை கொடுத்தது.

உங்களில் சத்துணவு சாப்பிட்டவர்களுக்கு இது நினைவிருக்கும். தினமும் காலையில் வருகைப் பதிவேடு எடுத்து முடித்ததும், "இன்றைக்கு இத்தனை பேர்" என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அமைப்பாளருக்கு அனுப்புவேன். ஒரு நாள் ஏதோ அவசரத்தில் எண்ணாமல், முந்தின நாள் எண்ணையே எழுதி அனுப்பிவிட்டேன். அன்றைக்கு இரண்டு பிள்ளைகள் கூடுதல். சோற்றை எப்படியோ நிரவிவிட்டார்கள். முட்டையை நிரவ முடியுமா? வரிசையில் முதலில் நின்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் குறையவில்லை. கடைசியில் நின்ற இரண்டு பிள்ளைகள் வெறும் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எண்ணாமல் விட்ட ஆளின் பங்கு எப்போதும் கடைசியில் நிற்பவரிடமிருந்துதான் போகும். பள்ளிக்கூடத்தில் கற்ற பாடத்தை என் வீட்டு மாடியில் மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "நீங்க அன்னைக்கு ராத்திரியே சொல்லியிருந்தா நாங்க ரெண்டு ரூம் வெளியே எடுத்திருப்போமே டீச்சர். எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். குரலில் வருத்தம் இருந்தது. அவன் சொன்னதும் நியாயம்தான். வாசலில் சிரித்துவிட்டு வாரம் கழித்துக் கணக்குச் சொன்னது என் தப்பு. அக்காவுக்கு என்று அவன் தனியாகப் பணம் அனுப்பினான். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதுங்க டீச்சர், பேரை மட்டும் போட்டுராதீங்க" என்றான். ஆகவே யாரென்று யாரும் கமெண்டில் தேட வேண்டாம்.

இனி என் கருத்து.

விருந்தாளி வேறு, வாடகைக்குத் தங்குபவர் வேறு. நான் கூப்பிட்டு, இலை போட்டு, எத்தனை பேர் வந்தாலும் உலை வைக்கிறேனே, அது விருந்து. அங்கே தலை எண்ணக் கூடாது. பணம் பேசி, தேதி பேசி, சாவி கொடுப்பது ஒப்பந்தம். அங்கே தலை எண்ணாமல் இருக்கக் கூடாது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் விருந்தும் கெடும், வாடகையும் கெடும். எண்ணிக்கை கேட்பது கஞ்சத்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

எண்ணிக்கை காசுக்காக மட்டுமா? குற்றாலத்துக்காரர்களுக்கு 2024 மே 17 மறக்காது. பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கி 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அப்படி ஒரு நாளில் "மாடியில் இருப்பவர்கள் எத்தனை பேர், எல்லாரும் திரும்பிவிட்டார்களா?" என்று கேட்டால், பதில் தெரியாத வீட்டுக்காரியாக நான் நிற்கக் கூடாது. உங்களை ஐந்தருவிக்குச் சுற்றுலா கூட்டிப் போனபோது வேன் ஏறும்போதெல்லாம் தலை எண்ணினேனே, காசுக்காகவா?

என்னைப் போல வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் நம் கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். கொடைக்கானலில் ஒருத்தி, ஏற்காட்டில் ஒருவன். உங்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, பேசும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் இப்போது வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புகிறேன்: "ஆறு பேர் வரை இந்த வாடகை. ஏழாவது, எட்டாவது ஆளுக்குத் தலைக்கு ஓர் இரவுக்கு 400 ரூபாய், மெத்தையும் போர்வையும் தருவோம். எட்டுக்கு மேல் இடமில்லை. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் காசில்லை." 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் முன்பணம் வாங்குகிறேன்.

இரண்டாவது, வந்ததும் ஒரு நோட்டில் எல்லார் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். அடையாள அட்டை நகல் வாங்கும்போது, கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும் என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் நிம்மதி.

மூன்றாவது, கூடுதல் ஆள் வந்துவிட்டால் அப்போதே பேசுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் கோபம் சேரும், கோபம் சேர்ந்தால் வார்த்தை தடிக்கும். முன்பதிவு செய்தவரை மட்டும் தனியாகக் கூப்பிடுங்கள். பெண்டாட்டி பிள்ளை முன்னால் வைத்துக் கேட்காதீர்கள். "ஏமாத்திட்டீங்களே" என்று ஆரம்பிக்க வேண்டாம். "மொத்தம் எத்தனை பேர் தங்குறீங்க?" என்று கேட்டால் போதும். எட்டுக்குள் என்றால் பேசிய கூடுதல் தொகை. அதற்கு மேல் என்றால் மீதிப் பேருக்குப் பக்கத்தில் அறை பார்த்துக் கொடுங்கள். சீசன் நேரத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குக் குழந்தைகளோடு வாசலில் நிறுத்துவது மட்டும் வேண்டாம்.

நான்காவது, தங்குபவர் வேறு, பார்க்க வருபவர் வேறு. தென்காசியிலிருந்து அவர்கள் சித்தி ஒருத்தி பார்க்க வந்து காபி குடித்துவிட்டுப் போனால் அதற்குக் கணக்கு எழுதாதீர்கள். ராத்திரி படுக்கிற தலையைத்தான் எண்ண வேண்டும்.

ஐந்தாவது, ஏர்பிஎன்பி மாதிரி செயலி வழியாக வந்தவர்கள் என்றால் பேச்சு முழுவதும் அந்தச் செயலிக்குள்ளேயே இருக்கட்டும். எத்தனை பேர் வரை, கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்று அதிலேயே குறிக்க வழி இருக்கிறது. கையில் காசாக வாங்கிவிட்டால் பிறகு சண்டை வரும்போது காட்ட ஒன்றும் இருக்காது. வேவு பார்க்கிறேன் என்று உள்ளே கேமராவும் வைக்காதீர்கள். அந்த நிறுவனமே 2024இல் வீட்டுக்குள் கேமரா கூடாது என்று தடை செய்துவிட்டது. வாசலில் வைத்தாலும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆறாவது, எனக்கு முக்கியமானது. கூடுதல் ஆளுக்கு வாங்கும் 400 ரூபாயில் 150 ரூபாய் அந்த அக்காவுக்கு. அவர் பங்கு கொடுக்காமல் நான் மட்டும் வாங்கிக்கொண்டால், இவ்வளவு நேரம் நான் பேசியதற்கு அர்த்தமே இல்லை.

வீட்டுக்காரர்கள் பக்கமும் தப்பு உண்டு. முதலில் சொல்லாமல் வாசலில் வைத்துத் திடீரென்று காசு கேட்பது, மெத்தை கூடக் கொடுக்காமல் தலைக்கு 500 வாங்குவது, கைக்குழந்தையை ஆளாக எண்ணுவது. இதெல்லாம் அநியாயம். இப்படிச் சிலர் செய்வதால்தான் மற்றவர்கள் எண்ணிக்கையை மறைக்கிறார்கள்.

கடைசியாக, ஊட்டி, மூணாறு என்று கிளம்பும் என் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. "ரெண்டு பேர்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்குவோம்" என்பீர்கள். அட்ஜஸ்ட் பண்ணுவது நீங்கள் இல்லை. நீங்கள் போன பிறகு கழிப்பறை கழுவ வருகிறாரே, அவர்தான் அட்ஜஸ்ட் பண்ணுகிறார். பத்துப் பேர் என்றால் பத்துப் பேருக்கு வீடு கேளுங்கள். கிடைக்காவிட்டால் இரண்டு இடமாக எடுங்கள். திடீரென்று ஆள் கூடினால் கிளம்பும் முன்பே ஒரு போன் போடுங்கள். பாதி பேர் சரி என்றுதான் சொல்வார்கள். சொல்லாமல் கொண்டுபோய் நிறுத்துவதில்தான் மனசு கசக்கிறது.

அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். அன்றைக்குக் குறைவாகக் கொடுத்ததை மறுவாரமே நேரில் போய்க் கொடுத்தேன். "இருக்கட்டும் டீச்சர்" என்றார். இருக்கட்டும் என்று நான் விடவில்லை. இந்த சீசனுக்கு முன் 500 லிட்டர் தொட்டி இன்னொன்றும் வைக்கிறோம். அது தண்ணீருக்குத்தான், பதினோரு பேரைத் தங்க வைக்க இல்லை.

குற்றாலம் வருகிறவர்கள் தாராளமாக வாருங்கள். மாடியில் தங்குவதென்றால் எத்தனை பேர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்னைப் பார்க்க வருவதென்றால் எத்தனை பேர் வேண்டுமானாலும் வாருங்கள். காபிக்குத் தலை எண்ண மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்