மறைத்த வரிசை

விரிதாளைக் கையாளக் கற்கும் மாணாக்கர் முதலில் மகிழ்வது இரண்டு வித்தைகளில். எண்களை நொடிப்பொழுதிற் படமாக்குதல் ஒன்று. வேண்டாத நெடுவரிசையைக் கண்ணுக்குத் தோன்றாமல் மறைத்தல் மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே கற்பிக்கின்றோம். இரண்டும் கூடினால் விளைவது யாதென்பதைக் கற்பிப்பதில்லை. இக்குறையை நாம் அறிந்தது நமது பிழையினாலேதான்.

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களைப் பற்றி ஒரு படம் வரைய முற்பட்டோம். 2011-ஆம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்கே ஆதாரம். ஆயிரம் ஆடவர்க்குப் பெண்டிர் எத்துணையர் என்னும் வரிசையில், பெரம்பலூருக்கு 1003, அரியலூருக்கு 1015 என்றிருந்தன. தமிழ்நாடு முழுமைக்கும் 996 தான். ஆதலின் உள்ளங் குளிர்ந்தோம். அடுத்த வரிசை ஆறு வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றியது. அதில் ஆயிரம் ஆண்மகவுக்குப் பெண்மகவு பெரம்பலூரில் 913, அரியலூரில் 897. தமிழ்நாட்டின் எண்ணோ 943. தாளின் அகலம் போதவில்லை என்று அவ்வரிசையை மறைத்தோம். மறைத்த மாத்திரத்தே படத்திலிருந்த அதன் தூண்களும் மறைந்தன! எக்ஸெலின் இயல்பு அது. நாமே அமைப்பை மாற்றினாலன்றி, மறைந்த வரிசையை அது படத்தில் வரையாது. கூட்டற்கணக்கிலோ அவ்வெண்கள் சேர்ந்தே நிற்கும்.

எஞ்சிய படம், பெண்மக்கள் செழித்து வாழும் நாடு இதுவே என்று பறைசாற்றியது. அதில் ஓர் எண்ணும் பொய்யன்று. இயற்கையில் ஆயிரம் ஆண் பிறந்தால் பெண் ஏறத்தாழ 950 பிறத்தல் வழக்கம். 897 என்பது இயற்கையின் செயலாகத் தோன்றவில்லை. கருவிலே பாலறிந்து கூறுதலை 1994-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்தது. ஆடவர் பிழைப்பு நாடி வெளியூர் செல்வதும், பெண்டிர் நெடுநாள் வாழ்வதும் மொத்த விகிதத்தை உயர்த்தித் தொட்டிலில் நேர்ந்த இழப்பை மூடிவிடக் கூடும். அம்மூடியைத் திறந்து காட்டுவதே இரண்டாம் வரிசை. அதைத்தான் நாம் அகலம் கருதி மறைத்தோம். (தூண்களை ஆயிரத்திலிருந்து தொடங்கியிருந்தால், 1015-இன் தூண் 1003-இன் தூணைப்போல் ஐந்து மடங்கு உயர்ந்து நின்றிருக்கும். அவ்வளவு தூரம் நாம் போகவில்லை.)

மறைத்தல் முற்றுந் தவறென்போமல்லோம். பிறர் முகவரியும் தொலைபேசி எண்ணும் மறைக்கத்தக்கனவே. தலைப்புக்கு மாறுசொல்லும் வரிசையை மறைப்பதே குற்றம். ஆசிரியர்கள் அச்சிட்ட படத்தோடு நில்லாது விரிதாளையும் கேட்டு வாங்குவாராக. மேலே 'பி' என்னும் எழுத்துக்குப் பின் 'டி' நின்றால் இடையிலுள்ள 'சி' எங்கே என வினவுவாராக. மாணாக்கரும் மறைத்தது இன்னதெனப் படத்தின்கீழ் ஒரு வரி எழுதுதல் நன்று; இதற்கு மதிப்பெண் அளித்தாலும் தகும்.

நமது படத்தில் அவ்வரிசையை மீண்டும் திறந்துவிட்டோம். அகலம் போதாமையால் தாளைக் குறுக்காக வைத்து அச்சிட்டோம்.