கல்லைப் படிக்க ஆள் வேண்டும்!

கோயில் தூணைப் பார்த்து டாக்டர் பட்டம் வாங்கலாம் என்றால், ஓசூர்ச் சந்தையில் சிரிப்பார்கள். ஆனால் அப்படி வாங்கியவர் உண்டு. புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சுக்காரர் ழுவோ துப்ரேய், தென்னாட்டுக் கட்டடக் கலையை ஆராய்ந்து, 1914-ல் பாரிஸ் பல்கலைக் கழகத்துக்கு ஆராய்ச்சி நூல் அளித்தார்.

அவர் கண்டது என்ன? தூணுக்கும் உத்தரத்துக்கும் நடுவே போதிகை இருக்கிறதல்லவா? பல்லவர் காலத்தில் அது அலை அலையாக வளைந்தது. சோழர் காலத்தில் நடுவே முனை நீட்டியது. விஜயநகர காலத்தில் தாமரை மொட்டாகத் தொங்கியது. இந்தக் கணக்குத் தெரிந்தால், கல்வெட்டே இல்லாத மண்டபத்துக்கும் வயது சொல்லலாம்!

ஓசூர்ப் பக்கம் இத்தகைய படிப்புக்கு வேலை கொஞ்சமா? குன்றின்மேல் சந்திரசூடேசுவரர் கோயில். மல்லச்சந்திரத்தில் பெருங்கற்காலக் கற்திட்டைகள். 1791-ல் ஆங்கிலேயர் கைப்பற்றிய இராயக்கோட்டை மலைக்கோட்டை. தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலக்கும் எல்லை இது. ஒரு தூணைச் செதுக்கிய கை சோழ நாட்டு உளியைப் பழகியதா, கடைசல் தூணுக்குப் பேர்போன ஹொய்சள நாட்டு உளியைப் பழகியதா? இங்கே கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆனால் நடப்பது என்ன? கும்பாபிஷேகம் என்றதும் பழைய தூணுக்கு வர்ணம், தளத்துக்குச் சிமெண்டு, சுவருக்குப் பளபளக்கும் ஓடு! பக்தியில் குறையில்லை; அளந்து எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

“ஆலை சோறு போடுகிறது, தூண் என்ன போடும்?” என்பார்கள். ஆலை வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? ஓசூர் வளர்ந்ததே அதனால்தான். ஆனால் ஆலை பழுதானால் வேறொன்று கட்டலாம். இடித்த மண்டபத்தை எந்த ஆலையிலும் வார்த்தெடுக்க முடியாது.

ஆகவே ஒரு யோசனை. அண்ணா பல்கலைக் கழகமும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகமும் இம்மாவட்டத்தில் தாலுகாவுக்கு ஒரு மாணவரை டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு அனுப்பட்டும். உதவிச் சம்பளத்தை ஓசூர்த் தொழிலதிபர்கள் தரட்டும். அவர்கள் எடுக்கும் அளவுப் படங்களில் ஒரு பிரதி உள்ளூர் நூலகத்தில் இருக்கட்டும். திருப்பணிக்கு முன் தர்மகர்த்தாக்கள் அதைப் புரட்டிப் பார்க்கட்டும்.

வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறோம். ஊருக்குப் பத்திரம் இந்தக் கற்கள் அல்லவா?