மூன்றாவது தடவை எழுதாத இம்போசிஷன்

சின்ன வயசில் இங்கிலீஷ் இம்போசிஷன் எழுதாத ஆசாமி யாராவது இதைப் படிக்கிறீர்களா? இருந்தால் கையைத் தூக்குங்கள். யாரும் தூக்கவில்லை. நன்றி, மேலே போகலாம்.

எங்கள் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த வேங்கடராமனும் எழுதினான். 1892-ல் அப்பா காலமானதும் மதுரையில் சித்தப்பா வீடு. ஸ்காட் மிடில் ஸ்கூல், அப்புறம் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். 1896 ஆகஸ்ட் 29. பெயின் என்பவரின் இங்கிலீஷ் கிராமரிலிருந்து ஒரு பாடத்தை மூன்று தடவை எழுதியாக வேண்டும். இரண்டு தடவை எழுதியாச்சு. மூன்றாவதில் கை நின்றது. நோட்டை ஒதுக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். பார்த்த அண்ணன் கடிந்துகொண்டார். "ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு" என்று கிளம்பினான். "அப்படியே என் காலேஜ் சம்பளம் அஞ்சு ரூபாயையும் கட்டிடு" என்றார் அண்ணன். அதில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான்.

அவர்தான் ரமண மகரிஷி. அவர் விட்டுவிட்டுப் போன இங்கிலீஷ், பின்னால் கப்பலேறி அவரைத் தேடி வந்தது. பால் பிரண்டன் வந்து பார்த்து, 1934-ல் புத்தகமே போட்டார். 1938-ல் சாமர்செட் மாம் வந்தார்.

நாம் ரமணர் இல்லை. மூன்றாவது தடவையும் எழுதினோம், முப்பதாவது தடவையும் எழுதினோம். ஆனால் இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் சொந்தப் பேரே மறந்துபோகிறது. காரணம் சிம்பிள். எழுதியது கை. வாய்க்கு யாரும் வேலையே கொடுக்கவில்லை.

இந்த வியாதி நமக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் பாஜு என்ற ஊரில் 2006-ல் ஓர் 'இங்கிலீஷ் கிராமம்' திறந்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் அங்கே முகாமுக்கு வருவார்கள். வாசலில் நிஜ ஏர்போர்ட் மாதிரி இமிக்ரேஷன் கவுன்ட்டர். உள்ளே போனால் எல்லாம் இங்கிலீஷில்தான். சொல்லிக்கொடுக்க வெளிநாட்டு வாத்தியார்கள். கட்டடத்துக்குக் கோடி கோடியாகக் கொட்டி நஷ்டக் கணக்கும் பார்த்தார்கள். கட்டடத்தை விட்டுத்தள்ளுங்கள், யோசனை சரியானது. காரியம் நடக்க வேண்டும் என்றால் பிள்ளை வாயைத் திறந்துதானே ஆக வேண்டும்?

ஒரு மே மாத லீவில், இதையே திருச்சுழியில் செய்து பார்த்தேன். பட்ஜெட் நூறு ரூபாய்க்குள். ஒரு திண்ணை, பத்துப் பன்னிரண்டு ஆறாவது ஏழாவது வாண்டுகள், ஒரு பெஞ்சு. பெஞ்சுதான் கடை. சரக்கு: முறுக்கு, வெள்ளரிப்பிஞ்சு, பென்சில். விற்பதும் வாங்குவதும் இங்கிலீஷில். தப்பாகப் பேசினால் தண்டனை கிடையாது. அடுத்தவன் தப்பைப் பார்த்துச் சிரித்தால் அன்றைக்கு முறுக்கு கிடையாது. இது ஒன்றுதான் சட்டம்.

ஒரு பெண் மட்டும் ஐந்து நாளாக வாயே திறக்கவில்லை. "அவ பேச மாட்டா சார்" என்றான் ஒரு பையன். அவள் அம்மாவைக் கேட்டேன். "பள்ளிக்கூடத்துல ஏதோ தப்பா வாசிச்சுட்டாளாம் சார். எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம். அன்னைக்கு மூடுன வாய்தான்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கும் அப்படி ஒரு வகுப்பு உண்டு. உங்களுக்கும் இருக்கும்.

ஆறாவது நாள் அவளைக் கடையில் உட்கார வைத்தேன். நான் கஸ்டமர். "டூ முறுக்கு ப்ளீஸ்" என்றேன். மெதுவாக எடுத்து நீட்டினாள். பேச்சில்லை. வாங்கிக்கொண்டு, "ஐ வில் பே டுமாரோ" என்று நடையைக் கட்டினேன்.

பின்னாலிருந்து ஒரு குரல், திண்ணையே அதிர:

"சார்! டுடே கேஷ்! டுமாரோ கிரெடிட்!"

இன்று ரொக்கம், நாளை கடன்! நம் ஊர் மளிகைக்கடை போர்டையே அப்படியே இங்கிலீஷாக்கிவிட்டாள். எல்லாரும் சிரித்தோம். இந்தத் தடவை அவளும்தான்.

வெர்ப் எங்கே என்று பெயின் துரை கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. திரும்பி வந்து பெஞ்சின்மேல் இரண்டு ரூபாயை வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, "தேங்க் யூ. கம் அகெய்ன்" என்றாள்.

இம்போசிஷன் எதுவும் எழுதாமலே!