பச்சையாயிருந்தால் போதுமா?

சம்பாப் பயிர் பச்சைப்பசேலென்று நிற்கின்றது. வரப்பில் நின்று பார்க்கின்றவர் "இதற்கென்ன குறை?" என்று சொல்லிவிட்டுப் போகின்றார். அறுத்து அடித்தால் பாதி பதர். தஞ்சைக் குடியானவருக்கு இது புதிய விஷயமல்ல. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சியென்று சர்க்காரே அறிவித்தார்கள். அவ்வருஷத்துப் பஞ்சாங்கத்தில் மழை எத்தனை மரக்கால் என்று போட்டிருந்தது என்பதை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அது போகட்டும்.

இலை தன் நிலைமையைத் தானே சொல்லுகின்றது என்பதுதான் நாம் சொல்ல வந்தது. இலையிலுள்ள பச்சையம் வெயிலை வாங்கி உணவு சமைக்கின்றது. வாங்கின வெளிச்சமெல்லாம் சமையலுக்கே செலவாவதில்லை. கொஞ்சம் சூடாய்ப் போகின்றது. நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு சிவப்பொளியாக வெளியே வந்துவிடுகின்றது. இதற்கு ஒளிர்வு என்று பெயர். வெயிலில் அது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததை உண்டென்று சொல்லுகிறவர் அளந்து காட்ட வேண்டுமல்லவா? காட்டியிருக்கின்றார்கள். சூரிய வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே கருங்கோடுகள் தெரியும். பிரான்ஹோபர் என்னும் ஜெர்மானியர் 1814-ல் அவற்றை அளந்து குறித்தார். பூமியிலிருந்து திரும்பிவரும் வெளிச்சத்தில் அக்கோடுகள் சற்று வெளுத்திருந்தால், அந்த அதிகப்படி வெளிச்சம் இலை கொடுத்தது. கரியமில வாயுவை அளக்க ஜப்பானியர் 2009-ல் ஏவிய செயற்கைக்கோளின் கணக்கைக் கொண்டே, 2011-ல் உலகமுழுதுக்கும் ஒளிர்வுப் படம் போட்டுவிட்டார்கள். தண்ணீரில்லாமல் சமையல் குறைந்தால் ஒளிர்வும் குறைகின்றது. பெரும்பாலும் நிறம் மாறுவதற்கு முன்பே குறைந்துவிடுகின்றது.

ஆனால், தோழர்களே, கருவியையும் கேள்வி கேட்காமல் நம்பிவிடாதீர்கள். 2017-ல் ஐரோப்பியர் அனுப்பிய கருவிக்கு ஒரு புள்ளி என்பது இப்போது 5.5 கிலோமீட்டர் நீளம், 3.5 அகலம்; நம் கணக்கில் சுமார் 700 வேலி. அதற்குள் ஆற்றுத் தலைப்பு நிலமும் கடைமடை நிலமும், தோப்பும் திடலும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடினால் அதற்கு ஒன்றும் தெரியாது. மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ரேடார். அதைக்கொண்டு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் நெற்பரப்பை அளந்து வருகின்றார்கள். ஆனால் ரேடார் பயிரின் உருவத்தைத்தான் காணுமேயொழிய இலையின் சமையலைக் காணாது.

ஆகவே, பயிர் இன்ஷூரன்ஸ் கேட்கப் போன குடியானவரிடம் "ஆகாயத்திலிருந்து பார்த்தாயிற்று, உங்கள் ஊரில் சேதமில்லை" என்று யாராவது சொன்னால், பார்த்தது எந்தக் கருவி, எந்தத் தேதி, எத்தனை வேலி சேர்ந்து ஒரு புள்ளி, நம் வயலில் அறுத்து நிறுத்த கணக்கு எங்கே என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.